வலை நிறைய ஒரே மீன்



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மில் பலர் நேராகப் போவது மீன் கடைக்குத்தான். பனியன் கம்பெனியில் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தானே குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கிறது! கடல் மீன் வாங்க முடியாதவர்களுக்குக் கைகொடுப்பது அணை மீன். அதில் ரோகு, கட்லா விலை அதிகம். ஜிலேபி விலை குறைவு. ஆகவே வீரபாண்டிப் பகுதியில் பல வீடுகளில் ஞாயிறு மதியம் கொதிப்பது ஜிலேபிக் குழம்புதான். இந்த மீனைப் பற்றித்தான் இந்த வாரம் சற்றே சிந்திக்க விரும்புகிறோம். மீனைப் பற்றி என்ன மறையுரை என்று நினைக்க வேண்டாம். நாம் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்தச் சிந்தனை பிறந்தது.

நாம் செய்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நல்ல மழை பெய்தது. நம் பகுதியில் நெடுநாள் காய்ந்து கிடந்த ஒரு குட்டை நிரம்பியது. பங்கு இளையோர் மகிழ்ச்சியில் சீமைக் கருவேல முட்களை வெட்டி, பிளாஸ்டிக் குப்பைகளை அகற்றி, கரையில் மரக்கன்றுகளும் நட்டார்கள். கடைசியாக, "குட்டைக்கு உயிர் கொடுப்போம் பாதர்" என்று இரண்டு பிளாஸ்டிக் பைகளில் மீன் குஞ்சுகளை வாங்கி வந்தார்கள். நாமும் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, முதல் பையை நம் கையாலேயே தண்ணீரில் கவிழ்த்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். என்ன மீன் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

அண்மையில் அந்தக் குட்டைக்கரையில் தூண்டில் போட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், என்னென்ன மீன் கிடைக்கிறது என்று கேட்டோம். "ஜிலேபிதானுங் சாமி. முன்னெல்லாம் மழ பேஞ்சா வாய்க்கால்ல கெண்டக்குஞ்சு, கெளுத்தி, குறவையெல்லாம் ஏறி வருமுங். இப்ப இதத் தவிர ஒண்ணும் விழறதில்லீங்" என்றார். அவர் வாளியைப் பார்த்தோம். நிறைய மீன். எல்லாம் விரல் நீளத்திற்குச் சற்றே பெரிது. எல்லாம் ஒரே இனம்.

நாம் விட்ட இரண்டு பைதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. சாயக் கழிவும் வறட்சியும் ஏற்கெனவே நம் நீர்நிலைகளைக் காயப்படுத்தியிருந்தன. ஆனாலும் அந்தக் காயத்தில் நம் கையும் பட்டது என்பதை மறைக்க முடியுமா?

ஜிலேபி வந்த கதை

ஜிலேபி மீனின் உண்மைப் பெயர் திலாப்பியா. இதன் பிறப்பிடம் தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகள். 1952-ஆம் ஆண்டு இது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர்களின் நோக்கம் நல்லது. நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டுகளே ஆன காலம் அது. உணவுப் பஞ்சம் நிலவியது. குறைந்த செலவில் ஏழைகளுக்குப் புரதச்சத்துள்ள உணவு வேண்டும். எந்தத் தண்ணீரிலும் வாழும், எதைப் போட்டாலும் தின்னும், விரைவாகப் பெருகும் மீன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் எந்தக் குணத்திற்காக அதை அழைத்து வந்தார்களோ, அந்தக் குணமே பிறகு தொல்லையாக மாறியது. சில மாதங்களிலேயே ஜிலேபி இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடும். ஆண்டுக்குப் பல முறை குஞ்சு பொரிக்கும். ஆண் மீன் குளத்தின் அடித்தரையில் குழி பறித்துக் கூடு அமைக்கும். தாய் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். குஞ்சு பொரித்த பின்னும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்து கொள்ளும். அந்த நாள்களில் தாய் மீன் உணவு உண்ணாமல் இருக்கும். எவ்வளவு அன்பான தாய், பார்த்தீர்களா! நம் நாட்டுக் கெண்டை மீன்கள் முட்டைகளைத் தண்ணீரில் இட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி அழிந்து போகிறது. ஜிலேபியின் குஞ்சுகளோ தாயின் காவலால் பிழைத்துக் கொள்கின்றன. விளைவு, சில ஆண்டுகளில் குளம் முழுவதும் ஜிலேபி. கூட்டம் பெருகப் பெருக இரை போதாது. அவையும் வளர்ச்சி குன்றிச் சிறுத்துப் போகின்றன. அந்தப் பெரியவரின் வாளியில் கண்டது இதைத்தான்.

1959-ஆம் ஆண்டிலேயே இதை மேலும் பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆய்வுக் குழு தடை விதித்தது. ஆனால் வெறும் ஏழே ஆண்டுகளில் காலம் கடந்துவிட்டது. அதற்குள் ஜிலேபி தமிழகத்தின் குளங்களிலும் அணைகளிலும் குடியேறிவிட்டது. உலகில் மிக அதிகத் தீங்கு விளைவிக்கும் 100 அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்த மீனும் இடம்பெற்றுள்ளது.

நம் திருப்பூர் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அமராவதி அணையை அறியாதவர் இல்லை. முதலைப் பண்ணையைக் காண்பிக்கக் குழந்தைகளை அழைத்துச் சென்றிருப்பீர்கள். 1957-இல் கட்டப்பட்ட அந்த அணையிலும் வலையை நிரப்புவது பெரும்பாலும் ஜிலேபிதான். நம் நொய்யலிலோ வேறொரு சோகம். பாசனத்திற்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாகிப் போனதை நாம் அறிவோம். 2011 சனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது வேலையின்றித் தவித்த குடும்பங்களும் நம் பங்குகளில் இருந்தன. கெட்டுப் போன நீரில் நாட்டு மீன்கள் மடிந்தன. உப்பையும் அழுக்கையும் தாங்கும் ஜிலேபி நிலைத்து நின்றது. நோயாளியின் வீட்டில் புகுந்தவன் வீட்டையே எடுத்துக்கொண்டது போல!

பெயர் வைக்கும் முன்பே மறையும் மீன்

அமராவதி அணையிலிருந்து மேலே மலையேறினால் பாம்பாறு. கேரளத்தின் மறையூர்ப் பக்கமிருந்து சின்னாறு காட்டின் வழியாக இறங்கி வந்து அமராவதியில் கலக்கும் ஆறு அது. 2007-ஆம் ஆண்டு அந்தப் பாம்பாற்றில் பிடித்த ஒரு மீனைக் கேரள ஆய்வாளர்கள் புதிய இனம் என்று அறிவித்தார்கள். ரெமா தேவி என்ற மீனியல் ஆய்வாளரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அதே காலத்தில் காவிரியில் வேறொரு புகழ்பெற்ற மீன் இருந்தது. முதுகில் திமில் போன்ற மேடு உடைய மஹசீர். ஆங்கிலேயர் காலம் தொட்டே தூண்டில்காரர்களின் கனவு மீன். 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ! ஒரு நடுத்தர மனிதரின் எடை. இத்தனை புகழ் இருந்தும் அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லை. 2018-இல்தான் மோயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவை ஆராய்ந்து, காவிரியின் திமில் மஹசீரும் பாம்பாற்று மீனும் ஒரே இனம் என்று கண்டுபிடித்தார்கள். பெயர் கிடைத்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

ஏன் இந்த நிலை? அணைகள், மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடித்தல் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மஹசீர் குறைகிறதே என்று கவலைப்பட்ட நல்லவர்கள், மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் இருந்த டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் பொரித்த மஹசீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அவை மஹசீர்தான். ஆனால் வேறு இனம், நீலத் துடுப்பு மஹசீர். காவிரிக்குச் சொந்தமில்லாதது. 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. மொத்தத்தில் மஹசீர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஆனால் கூடியது நீலத் துடுப்பு மஹசீர். திமில் மஹசீரோ ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. எண்ணிக்கையைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்து கொண்டிருந்தபோது, காப்பாற்ற நினைத்த மீனே கைநழுவிக் கொண்டிருந்தது!

ஆண்டவர் எல்லா உயிர்களையும் ஆதாமிடம் கொண்டுவந்து, அவன் அவற்றிற்கு என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாகத் தொடக்கநூல் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. பெயரிடுவது என்றால் அறிந்து கொள்வது, உறவு கொள்வது, பொறுப்பேற்பது. நம் ஆற்று மீன் ஒன்றுக்குப் பெயரிட நாம் 2018 வரை காத்திருந்தோம். அதற்குள் அது விடைபெறத் தயாராகிவிட்டது.

ஆலை இல்லாத ஏரிகளிலும்

நம் ஊரில் ஆலைகள், சாயம், நெரிசல். அதனால்தான் இப்படி என்று ஆறுதல் கொள்ளலாமா? வட அமெரிக்காவில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமும் கனடாவும் சந்திக்கும் எல்லையில், நூற்றுக்கணக்கான ஏரிகள் உள்ள பெருங்காடு ஒன்று இருக்கிறது. பெரும்பகுதியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. துடுப்புப் போடும் சிறு படகில்தான் போக வேண்டும். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே படகைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். அங்கே ஆலையும் இல்லை, சாயமும் இல்லை.

அங்கும் வந்தது ஒரு விருந்தாளி. ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன். தூண்டிலில் மாட்டினால் துள்ளிக் குதித்துப் போராடும். அந்த விளையாட்டு இன்பத்திற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அதைக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். அரசுத் துறையினரும் விட்டார்கள், தனி மனிதர்களும் வாளியில் எடுத்துப்போய் விட்டார்கள். ஏரிக்கு ஏரி நீரோடைகள் வழியாகவும் அது பரவியது. வெப்பநிலை உயர்ந்து வருவதால், முன்பு குளிர் தாங்காத ஏரிகளிலும் இப்போது அதனால் வாழ முடிகிறது. அது கரையோரச் சிறு மீன்களைத் தின்று தீர்த்துவிடுகிறது. அந்தச் சிறு மீன்களை நம்பியிருந்த ட்ரவுட் மீன்கள் இரை குறைந்து மெலிகின்றன. மேலே பார்த்தால் ஏரி அதே ஏரிதான். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. ஆனால் உள்ளே குடும்பம் மாறிவிட்டது.

ஒரு நீர்நிலையைக் கெடுக்க ஓர் ஆலை தேவையில்லை, ஒரு வாளி போதும். நம் கையில் இருந்ததும் பிளாஸ்டிக் பைதானே?

நல்ல எண்ணம் போதுமா?

ஒரு செயல் நல்லதா தீயதா என்று அறிய மூன்றைப் பார்க்க வேண்டும் என்று திரு அவை நமக்குக் கற்றுத் தருகிறது. செய்யும் செயல் என்ன, செய்பவரின் நோக்கம் என்ன, சூழ்நிலையும் விளைவும் என்ன என்பவை அவை. 1952-இல் நோக்கம் நல்லது. காவிரியில் மஹசீர் விட்டவர்களின் நோக்கம் நல்லது. நம் இளையோரின் நோக்கமும் நல்லதே. குறைந்தது எது? முன்மதி. புனித தாமஸ் அக்குவினாஸ் ஏனைய அறநெறிப் பண்புகளுக்கு வழிகாட்டியாக வைப்பது இந்த முன்மதியைத்தான். செய்யும் முன் கேட்பது, அறிந்தவரிடம் விசாரிப்பது, நாளை என்ன ஆகும் என்று நினைப்பது. அன்பு இருந்தது, அவசரமும் இருந்தது, கேள்வி மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் நாம் மன்னிப்பு மட்டும் பெறுவதில்லை, ஈடுசெய்யவும் கடமைப்படுகிறோம். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பணமென்றால் திருப்பித் தரலாம். ஆனால் குளத்தில் விட்ட மீனை எப்படித் திருப்பி எடுப்பது? வலை போட்டாலும் நூறு மீன் மிஞ்சும். குட்டையை வற்ற வைத்தால்தான் உண்டு. ஆற்றுக்கு வந்துவிட்டாலோ அதுவும் முடியாது. குட்டை நிரம்பினால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து நொய்யல், நொய்யலிலிருந்து காவிரி. கடவுள் நம்மை மன்னிக்கிறார், ஆனால் தண்ணீர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்தால் நம் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கமும் ஓர் அருளே.

விவிலியத்தில் கடவுளின் ஆசி முதன்முதலில் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? மனிதருக்கு அல்ல. தொடக்கநூல் முதல் அதிகாரத்தில், ஐந்தாம் நாளில், நீரில் வாழும் உயிரினங்களுக்கும் பறவைகளுக்கும்தான். அவையும் ஒரே இனமாக அல்ல, இனம் இனமாகப் படைக்கப்பட்டன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலின் 33-ஆம் பத்தியில் நம் மனத்தைத் தைக்கும் ஒரு கருத்தைச் சொல்கிறார். நம்மால் அழிந்துபோகும் ஒவ்வோர் இனமும், தான் உயிரோடு இருப்பதன் வழியாகக் கடவுளுக்குச் செலுத்தி வந்த புகழ் நின்றுபோகிறது, அப்படிச் செய்ய நமக்கு உரிமையில்லை என்கிறார். புனித அந்தோனியார் ரிமினி நகரில் போதித்தபோது, மக்கள் செவிகொடுக்காததால் மீன்கள் தலை தூக்கிக் கேட்டன என்ற கதையைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கேட்க வந்த மீன்களில் பெரியது, சிறியது, பலவிதம் என்றுதான் அந்தக் கதை சொல்லும்.

திபேரியக் கடலில் சீடர்கள் இழுத்த வலையில் 153 பெரிய மீன்கள். மீன் வகைகள் மொத்தம் 153 என்று பண்டைய அறிஞர்கள் கருதியதாகப் புனித எரோணிமுஸ் விளக்கம் தந்தார். எல்லா வகையும் அடங்கிய வலை, அப்படியும் கிழியாத வலை. அதுதான் திரு அவை, அதுதான் விண்ணரசு! நம் வலையும் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரே மீன்.

ஓர் எச்சரிக்கை

இதை வாசித்துவிட்டு, வெளியிலிருந்து வந்ததெல்லாம் கேடு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். திருப்பூர் மண்ணில் இப்படிப்பட்ட பேச்சு எளிதில் மனிதர்கள் மேல் பாய்ந்துவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த சகோதர சகோதரிகள் நம்மோடு அதே தையல் இயந்திரத்தில், அதே செக்கிங் மேசையில் வேலை செய்கிறார்கள். நம் பங்கு மக்களிலும் எத்தனை பேர் தூத்துக்குடியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்! மனிதர் அனைவரும் ஒரே இனம், ஒரே தந்தையின் பிள்ளைகள். மீனுக்குச் சொல்லும் கணக்கை மனிதருக்குச் சொல்வது பாவம். மேலும், ஜிலேபி தானாக வரவில்லை. அது குற்றவாளி அல்ல. தன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் ஒரு தாய் அது. குற்றம் யோசிக்காமல் விட்ட கையினுடையது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டு மீன் தொட்டியில் வளர்த்த மீன்களைக் குளத்திலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். ஊர் மாறும்போது "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று விடுகிறோம். டேங்க் கிளீனர் என்று விற்கும், முள்கவசம் போன்ற தோலுடைய மீன் இப்படித்தான் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவரிடம் கொடுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவும் வாங்கவும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்தது. காற்றையும் சுவாசிக்கும் அந்த மீன், மழைக் காலத்தில் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். கண்ணில் பட்ட மீனையெல்லாம் விழுங்கும்.

மூன்றாவது, பண்ணைக் குட்டையில் மீன் வளர்க்கும் விவசாயிகள் மீன்வளத் துறையிடம் கேட்டு, அனுமதி பெற்ற இனங்களையே வளர்க்கட்டும். தண்ணீர் வெளியேறும் வழியில் வலை கட்டுங்கள்.

நான்காவது, பொதுக் குளத்தில் விழாவாக மீன் விடுவதை நம் பங்கிலும் அன்பியங்களிலும் இனி மீன்வளத் துறையைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பங்குத்தந்தை வந்து செபம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்கு நாமே சாட்சி.

ஐந்தாவது, ஜிலேபியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்! நல்ல தண்ணீரில் பிடித்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு பரிகாரம் யாருக்கும் கசக்காது.

கடைசியாக, இளையோருக்கு ஒரு வேலை. உங்கள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, அவர்கள் சிறு வயதில் நொய்யலிலும் வாய்க்காலிலும் குட்டைகளிலும் பிடித்த மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். விரால், ஆரால், அயிரை, உளுவை, குறவை... எங்கே கிடைத்தது, எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியலைச் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திரு அவை கடைப்பிடிக்கும் படைப்பின் காலத்தில் ஆலய வாசலில் ஒட்டுவோம். நம் மாவட்டத்தில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. ஊத்துக்குளி சாலையை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தப் பறவைகளுக்கும் மீன் வேண்டுமே!

இப்போது அந்தக் குட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் சற்று நின்று தண்ணீரைப் பார்க்கிறோம். அன்று நாம் தெளித்த தீர்த்தம் வீண் போகவில்லை என்றே நம்புகிறோம், ஏனெனில் அது நம் கண்களைத் திறந்திருக்கிறது. மண்ணைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதரைத் தோட்டத்தில் வைத்த இறைவன், அடுத்த முறை கையில் பையோடு கரையில் நிற்கும்போது, "இது என்ன மீன்?" என்று கேட்கும் அறிவை நம் அனைவருக்கும் தருவாராக.

சிந்திப்போம். கேட்டுச் செயல்படுவோம்.